வெறும் பசை

"சரி சார்" என்று சொன்னேன். நேற்று மாலை, அவர் அறையில், நின்றபடி. உட்காரச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் உட்கார்ந்துகொண்டு அதையேதான் சொல்லியிருப்பேன். மூக்கு அரிக்கிறது. சொறிய முடியாது. இரண்டு கையும் ஹூட்டுக்குள் இருக்கிறது. கண்ணாடிக் கதவுக்குக் கீழே முழங்கை வரை நுழைத்து உட்கார வேண்டிய எஃகுப் பெட்டி இது. மேலிருந்து வடிகட்டிய காற்று இறங்கிக்கொண்டே இருக்கும், அந்த இரைச்சலில் பக்கத்து அறையில் யார் கூப்பிட்டாலும் கேட்காது. கையை வெளியே எடுத்து மூக்கைத் தொட்டால் கையுறையைக் கழற்றி, புதிது போட்டு, ஆல்கஹால் அடித்து, மறுபடி முதலிலிருந்து. அரிக்கட்டும். நேற்றும் எனக்கு ஏதோ அரித்தது, தொண்டைக்குள். அதையும் சொறியாமல் "சரி சார்" என்றேன். எங்கள் லேபின் தலைவர் சேஷகிரி சார் உடனே அடுத்த காகிதத்துக்குப் போய்விட்டார். ஒரு கதவைச் சாத்துகிற மாதிரிகூட இல்லை, ஈயை ஓட்டுகிற மாதிரி. நான்கு வருஷம் நான் செய்த வேலையை இன்று பதினோரு மணிக்குக் கீழே அரங்கில் என் ஜூனியர் பிரணவ் பேசப் போகிறான். நான் மேலே உட்கார்ந்து, பேச்சு முடிந்து வருகிற விருந்தாளிகள் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்குச் செல்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும். "வான்மதி கைராசிக்காரி, அவ கை பட்டாத்தான் இந்தச் செல்லெல்லாம் வளரும்" என்றார், பிரணவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கைராசி. பிறந்த குழந்தைக்கு முதல் சட்டை போட்டுவிடக் கூப்பிடுவார்களே, அந்த மாதிரி. கைக்கு ராசி உண்டாம், கைக்கு மேலே கழுத்து, கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறதே, அதற்கு என்ன உண்டாம்.

தட்டை எடுத்துச் சாய்த்துப் பார்க்கிறேன். மீடியம், செல்களுக்கு ஊற்றுகிற ஊட்டநீர், லேசாக மஞ்சளாகியிருக்கிறது, நன்றாகச் சாப்பிட்டிருக்கின்றன. எலிக்கருவிலிருந்து, அது கருவென்று சொல்லவே கூச்சப்படுகிற அளவுக்குச் சின்னதாக இருக்கும்போதே எடுத்த ஸ்டெம் செல்கள். இன்னும் எதுவுமே ஆகாதவை. இதயமாகலாம், நரம்பாகலாம், தோலாகலாம், இப்படியே ஒன்றுமாகாமல் பிரிந்து பிரிந்து பெருகிக்கொண்டும் இருக்கலாம். மீடியத்தில் நாம் கரைத்து ஊற்றுகிற புரதம்தான் அவற்றுக்கு உத்தரவு என்று சார் இருபது வருஷமாகச் சொல்லி வருகிறார். சமிக்ஞை வருகிறது, செல் கீழ்ப்படிகிறது. "தண்ணி ஊத்துனா செடி பூக்கும், ஊத்தலன்னா காயும், அவ்வளவுதான் வான்மதி, இதுல கதை கட்டாத." நான் கதை கட்டவில்லை. ஒரே பாட்டிலிலிருந்து ஒரே நாளில் ஊற்றிய மீடியம், இரண்டு தட்டு. ஒன்றில் செல்கள் கொத்துக் கொத்தாக ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு கிடந்தன, அப்படியே ஸ்டெம் செல்லாகவே இருந்தன. இன்னொன்றில் கலக்கும்போது கை தவறி மெல்லிசாகப் பரவிவிட்டது, தனித்தனியாகக் கிடந்தவை வேறு பாதையில் போய்விட்டன. அதே உத்தரவு. பதில் வேறு. கை தவறி என்று ஏன் சொல்கிறேன், நானும் அவர் மாதிரியே பேசுகிறேன். பார்த்தேன். பார்க்கத் தெரிந்ததனால் பார்த்தேன். அழுக்கு சேர்ந்திருக்கும், தட்டைத் தூக்கிப் போடு என்றார். மறுபடி செய்தேன். மறுபடி அதே. அப்போதுதான் சொன்னார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "செல்லுக்குச் செல் ஒட்டுறதுங்கறது வெறும் பசை. ஃபெவிகால். ஃபெவிகாலைப் பத்தி யாரும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதறதில்ல." லேப் முழுக்கச் சிரித்தது. பிரணவும் சிரித்தான், அப்போது அவன் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பிப்பெட்டை எந்த விரலில் பிடிப்பது என்று தெரியாது, ஆனால் எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

வெறும். இந்தச் சொல்லில்தான் மாட்டிக்கொள்கிறேன், எங்கே சுற்றினாலும் இங்கேதான் வந்து நிற்கிறேன். வெறும் பசை என்று அவர் சொன்ன புரதத்தின் தலை செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்துச் செல்லின் தலையைப் பிடித்திருக்கிறது. வால் உள்ளே தொங்குகிறது. அந்த வால் உள்ளே இன்னொரு புரதத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. வெளியே பிடி தளர்ந்தால் உள்ளே பிடி விடும், விட்டால் அது நேராகச் செல்லின் உட்கருவுக்குள் போய் எந்த மரபணுவைப் படிப்பது எதை மூடி வைப்பது என்று மாற்றிவிடும். அப்படியானால் வெளியே யாரை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறோம் என்பதும் உள்ளே ஒரு செய்திதானே. செல் உத்தரவை மட்டும் கேட்பதில்லை, யார் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்கிறது. இதை நான் யோசித்தது ஆஸ்பத்திரியில், நறுமுகை வயிற்றில் ஏழாம் மாதம், ரத்த அழுத்தம் என்று படுக்கப் போட்டிருந்தார்கள், இடது பக்கமாகவே படு என்றார்கள், இடது பக்கச் சுவரைப் பார்த்தே படுத்திருந்தேன். புரதத்தின் தலையை அப்படியே விட்டுவிட வேண்டும், வாலை மட்டும் மாற்ற வேண்டும். செல்கள் முன்போலவே ஒட்டும், முன்போலவே கொத்தாகக் கிடக்கும், ஆனால் உள்ளே அந்தப் புரதத்தைப் பிடிக்க இடம் இருக்காது. வெறும் பசைதான் என்றால் ஒன்றும் மாறக்கூடாது. மாறினால் பசையில்லை. அந்தச் சுவரில் ஒரு காலண்டர் ஆணி இருந்தது, காலண்டர் இல்லை, அந்த ஆணியைப் பார்த்தபடி முழுச் சோதனையையும் மனசுக்குள் செய்து முடித்தேன். கை அப்போது போர்வைக்குள் இருந்தது. இரண்டு கையும். அது எந்த ராசியில் சேர்த்தி.

பிள்ளை பெற்று வந்து அந்தச் செல்களைச் செய்தேன். மாறின. ஒன்றோடொன்று அப்படி ஒட்டிக்கொண்டிருந்தவை தனியாகக் கிடக்கிற செல் மாதிரியே பதில் சொல்லின. படத்தைச் சாரிடம் காட்டியபோது வெகுநேரம் பார்த்தார். அடுத்த வாரமே "நம்ம ஐடியா" என்று ஆனது. அதற்கடுத்த மாதம் பிரணவைக் கூட வைத்துக்கொள், ஆள் ஒத்தாசைக்கு ஆகும் என்றார். கூட வைத்துக்கொண்டேன். கற்றுக்கொடுத்தேன். அக்கா அக்கா என்று வருவான், நல்ல பையன், அதுதான் எரிச்சல், கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். நேற்று சார் என்னிடம் விளக்கிய விதம் இருக்கிறதே, கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, ஏதோ எனக்கு நல்லது செய்கிற குரலில் சொன்னார். "பிரணவ் வேலைக்கு அலையறான். வெளியூர்லேந்து பெரிய ஆளுங்க வராங்க, அவங்க கண்ணுல படணும். உனக்கென்ன, குடும்பம் குழந்தைன்னு செட்டில் ஆயிட்ட. நீ சீனியர். நீதான் விட்டுக்கொடுக்கணும்." இந்த மார்கழியோடு எனக்கும் இங்கே வேலை முடிகிறது, சாருக்குத் தெரியும், நீட்டிப்புக் காகிதம் அவர் மேஜையில்தான் கிடக்கிறது. செட்டில் ஆயிட்ட. அடுத்த வருஷம் எங்கே போய் நிற்பேன் என்று எனக்கே தெரியாது, அவருக்கு மட்டும் நான் செட்டில் ஆனது தெரிந்திருக்கிறது.

விட்டுக்கொடு. இதைக் கேட்டுக்கேட்டு வளர்ந்தவள் நான். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில், பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்ததற்கு அப்பா சைக்கிள் வாங்கி வந்தார், சிவப்பு, முன்னால் கூடை வைத்தது. பெண்கள் ஓட்டுகிற சைக்கிள் என்றுகூடப் பார்க்காமல் தம்பி கதிர் தரையில் புரண்டான். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அதட்டவில்லை, கெஞ்சவில்லை. "அக்காதானே நீ" என்றாள். அவ்வளவுதான். கூடையைக் கழற்றிப் பரண்மேல் போட்டார்கள், அவனுக்குக் கூடை வெட்கமாம். நான் நடந்தேன், அவன் என்னைத் தாண்டி மணியடித்துக்கொண்டு போவான். இப்போதும் கல்யாணம் காதுகுத்து என்று கூடினால் கதிர் எல்லோரிடமும் சொல்கிறான், எங்க அக்காவுக்குப் பெரிய மனசு. பெரிய மனசு என்று சொல்லிவிட்டால் எடுத்ததைத் திருப்பித் தர வேண்டியதில்லை. நான் அழாததனால் எனக்கு வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார்கள். நேற்றும் நான் அழவில்லை. அக்காதானே. தம்பி என்று ஒருவன் வீட்டில் இல்லாவிட்டாலும் லேபில் முளைத்து வந்துவிடுகிறான். காலையில் என் கணவன் சுதாகரிடம் சொன்னேன். இட்லியைப் பிட்டபடி கேட்டான். "அநியாயம்தான். ஆனா இப்ப சண்டை போட்டு என்ன ஆகப்போவுது, அந்தாளு சிபாரிசுக் கடிதத்துல ஒரு வரி தப்பா எழுதுனா உனக்கு எங்கயும் வேலை கெடைக்காது" என்றான். பாசமாகத்தான் சொன்னான். அதுவும் உண்மைதான். பயத்துக்கு எப்போதும் உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது, அதனால்தான் அது இத்தனை மரியாதையோடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. நறுமுகை என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள், விரலைப் பிரித்துவிட்டு வந்தேன். வரும்போது லிஃப்ட் பக்கத்தில் போஸ்டர். ஒட்டுதல் எப்படிச் செல்லின் விதியைத் தீர்மானிக்கிறது. கீழே பிரணவ் பெயர், அதற்குக் கீழே சார் பெயர். அந்தத் தலைப்பும் நான் வைத்ததுதான். லிஃப்ட் வந்தது, நான் ஏறவில்லை, கதவு சாத்திக்கொண்டு போய்விட்டது, படியேறி வந்தேன்.

பழைய மீடியத்தை உறிஞ்சி எடுக்கிறேன். உப்புநீர் விட்டுக் கழுவுகிறேன். இப்போது டிரிப்சின் ஊற்ற வேண்டும். கொத்தாகக் கிடக்கிற செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுகளுக்கு மாற்ற இதுதான் வழி, அந்தப் பிடித்திருக்கிற தலைகளைத்தான் இது வெட்டும். ஊற்றிவிட்டால் அப்புறம் நேரத்தோடு நிறுத்த வேண்டும். கொஞ்சம் பொறுத்தால் பிரியும், கூடுதலாகப் பொறுத்தால் செத்துவிடும். ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டால் என்ன. ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். விருந்தாளிகள் வந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்ப்பார்கள், தட்டு முழுக்கக் குப்பை மிதக்கும், சார் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம். கைராசி. இதை நினைக்க நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்ச நேரம் அதிலேயே இருக்கிறேன். ஆனால் இவை வால் மாற்றிய செல்கள். ஆஸ்பத்திரிச் சுவரில் நான் பார்த்த செல்கள். இவற்றைக் கொன்றால் யாருடையதைக் கொல்கிறேன். என்னுடையது என்று சொல்லிக்கொள்ள இந்தக் கட்டடத்தில் இருப்பதே இந்தத் தட்டுதான், கோபம் வந்தால் அதைத்தான் உடைக்கத் தோன்றுகிறது, வீட்டில் பெண்கள் தன் தலையில் தானே அடித்துக்கொள்வது மாதிரி. மாட்டேன். ஊற்றுகிறேன், அளவாக, தட்டை ஒரு சுற்றுச் சுற்றுகிறேன், கீழே எல்லா இடத்திலும் படும்படி. அப்போது கதவு திறக்கிற சத்தம் கேட்கவில்லை, காற்று இரைச்சல், தோளுக்குப் பின்னால் செண்ட் வாசனைதான் முதலில் வந்தது.

"அக்கா, பிஸியா?" பிரணவ். கோட் போட்டிருக்கிறான், கழுத்துப்பட்டை கொஞ்சம் கோணலாக இருக்கிறது. நெற்றி வேர்த்திருக்கிறது. "ஒரே ஒரு டவுட்டுக்கா. ஒட்டுதல் கொறஞ்சா செல்லோட ஷேப் மாறிடுது இல்ல. ஷேப் மாறுனதாலதான் விதி மாறுது, சிக்னலால இல்லன்னு யாராச்சும் கேட்டா என்ன சொல்றது?" நல்ல கேள்வி. கேட்பார்கள், நான் அந்தக் கூட்டத்தில் இருந்தால் முதலில் அதைத்தான் கேட்பேன். வாய் தானாகத் திறக்கிறது. "அதுக்குத்தான் வால் மாத்துன செல்லு. அதோட ஷேப்பு" என்று தொடங்கிவிட்டேன். அவன் சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்துவிட்டான், உள்ளங்கையில் எழுதிக்கொள்ளத் தயாராக நிற்கிறான், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. அந்தப் பேனாவைப் பார்த்ததும் நிறுத்தினேன். கோபம் என்று சொல்ல முடியாது. கோபம் நேற்றிலிருந்தே இருக்கிறது. இது வேறு, ரொம்ப அமைதியாக, காது அடைத்தது திறந்துகொள்கிற மாதிரி. இவனுக்குத் தெரியாது. இந்தச் சோதனையை எதற்காகச் செய்தோம் என்றே இவனுக்குத் தெரியாது. இவனிடம் நான் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன், இது மட்டும் சொல்லிக்கொடுக்க முடியாது, இதைப் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து யோசிக்க வேண்டும்.

"பிரணவ், கிளவுஸ் போடு" என்றேன். "எதுக்குக்கா?" "டிரிப்சின் ஊத்திட்டேன். நிறுத்தற நேரம் வந்துரும். போடு." பழக்கம். நான் போடு என்றால் போடுவான், இரண்டு வருஷப் பழக்கம். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கையுறை மாட்டி, ஆல்கஹால் அடித்துக்கொண்டு வந்தான். நான் எழுந்தேன். அவன் உட்கார்ந்தான். கைகளை உள்ளே நுழைத்துத் தட்டைப் பிடித்தபிறகுதான் அவனுக்கு உறைத்தது. "அக்கா, எனக்குப் பேச்சு இருக்கு." "தெரியும்." "பதினோரு மணிக்கு." "தெரியும்டா. பிரிஞ்சதும் சீரம் ஊத்தி நிறுத்து. மெஷின்ல சுத்தி எடு, எண்ணிப் பாரு, ஆறு தட்டுக்கு மாத்து. மெல்லிசா மூணு, நெருக்கமா மூணு. ஒனக்குத் தெரியும், நான்தான் சொல்லிக்குடுத்தேன்." அவன் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். கையை எடுத்தால் செல் சாகும். அவனுக்கு அது தெரியும், எடுக்கவும் மனசு வராது, நல்ல பையன். "சார் என்னைக் கொன்னுடுவாருக்கா" என்றான், மெதுவாக. "வான்மதி சொன்னான்னு சொல்லு." "நேத்து நீங்கதானே சரின்னீங்க?" கையுறையை உரித்து மஞ்சள் தொட்டியில் போட்டேன். மூக்கைச் சொறிந்தேன், ஆசை தீர. "ஆமா, சொன்னேன்" என்றேன். "இன்னிக்குச் சொல்லல."

படியில் இறங்குகிறேன். சுதாகர் சொன்ன ஒரு வரி, சார் எழுதப்போகிற அந்த ஒரு வரி, என்னவாக இருக்கும், ஒத்துழைக்காதவர் என்று எழுதுவாரா, உணர்ச்சிவசப்படுபவர் என்று எழுதுவாரா, இதை எழுதுகிறபோது அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வாரா. எழுதட்டும். எழுதாவிட்டாலும் எனக்கு என்ன கிடைத்துவிட்டது. மேலே போய் அவனை எழுப்பிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்ளலாம், இன்னும் நேரம் இருக்கிறது, பிரணவ் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சிரித்தால் அவனும் சிரிப்பான். இரண்டாம் தளத் திருப்பத்தில் நின்றேன். சிரிக்க வரவில்லை. சிரிப்பை முயன்று பார்த்தேன், உதடு ஒரு பக்கம் போய் நின்றுவிட்டது. இறங்கினேன். அரங்கில் விளக்கைக் குறைத்திருந்தார்கள். ஏசிக் குளிர். அமர்வுக்குத் தலைமை, ஹைதராபாத்திலிருந்து வந்திருக்கிற பேராசிரியை, நரைத்த கிராப்பு, கையில் நிகழ்ச்சிநிரல். அவர் பிரணவ் பெயரைப் படித்தார். யாரும் எழவில்லை. முன்வரிசையில் சார் திரும்பிப் பார்த்தார், மறுபடி திரும்பிப் பார்த்தார். நான் பக்கவாட்டு நடைபாதையில் நடந்து போனேன், செருப்புச் சத்தம் எனக்கே அநியாயத்துக்குக் கேட்டது. மேடையேறி, பேராசிரியையிடம் குனிந்து சொன்னேன், ஆங்கிலத்தில், நிதானமாக: பிரணவ் செல்களோடு இருக்கிறார், விட்டுவிட்டு வர முடியாது. இது என்னுடைய வேலை, நானே பேசுகிறேன். அவர் என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார், நிகழ்ச்சிநிரலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "உங்கள் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். மைக்கில் சொன்னார், கொஞ்சம் தப்பாக. சார் இருக்கையின் கைப்பிடியை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டார். அவருக்கு இடப்பக்கம் ஒரு வெள்ளைக்காரர், வலப்பக்கம் டெல்லியிலிருந்து வந்தவர், இரண்டு பேரும் என்ன விஷயம் என்பதுபோல அவரைப் பார்த்தார்கள். அவர் உட்கார்ந்தார்.

திரையில் முதல் படம் வந்துவிட்டது, என் படம், நான் எடுத்தது. பேச வாயைத் திறந்தேன், நாக்கு மேலண்ணத்தில் அப்பிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. காற்றுதான் வந்தது. ஒருவர் இருமினார். "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றேன், மைக்கில், தமிழில். அது அரங்கம் முழுக்க ஒலித்தது. மேடையில் தண்ணீர் வைக்க மறந்திருந்தார்கள். கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது ஒரே ஒரு பாட்டில், முன்வரிசையில், சாருக்கு முன்னால் இருந்த சின்ன மேஜையில். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். வெள்ளைக்காரர் அதைக் கண்ணால் சுட்டிக்கூடக் காட்டினார். சேஷகிரி சார் எழுந்தார், பாட்டிலை எடுத்தார், மேடை விளிம்பு வரை வந்து கையை நீட்டினார். கீழே இருந்து மேலே. அவர் கண் என்ன சொன்னது என்று நான் பார்க்கவில்லை. மூடியைத் திருகித் திறந்து நின்றபடியே குடித்தேன், அவசரப்படாமல், பாதி பாட்டில். இருநூறு பேர் காத்திருந்தார்கள். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, முதல் வாக்கியத்தைத் தொடங்கினேன்.